இந்தியா உலகின் நான்காவது சமத்துவ நாடா? வருமானம், செலவு, சொத்து, தானம் – நான்கும் நான்கு கணக்கு

2025 ஜூலையில் மத்திய அரசின் செய்திக் குறிப்பு ஒன்று வெளியானது. ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியாவுக்கு உலக அளவில் நான்காவது இடம் என்றது அது. உலக வங்கி தந்த ஏற்றத்தாழ்வு எண்தான் ஆதாரம் (எண் குறைந்தால் ஏற்றத்தாழ்வு குறைவு): இந்தியாவுக்கு 25.5, சீனாவுக்கு 35.7, அமெரிக்காவுக்கு 41.8. நமக்கு முன்னால் இருந்தவை ஸ்லோவாக் குடியரசு, ஸ்லோவேனியா, பெலாரஸ் மட்டுமே.

இதற்கு ஒரு வருடம் முன்பு உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் வெளியிட்ட ஆய்வறிக்கை வேறு கதை சொன்னது. 2022-23-இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் மேல்தட்டு 1 சதவீதம் பேரின் கையில் இருந்தன என்றது.

டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆளுக்கு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ஒன்று உண்மை என்றால் மற்றது பொய்யாகத்தானே இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் சண்டைக்குக் காரணம். இரண்டுமே முறையாகப் போட்ட கணக்குகள்தான். ஒன்று அளந்தது செலவை, மற்றது வருமானத்தையும் சொத்தையும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐந்து வீட்டுத் தெரு

ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள். மாத வருமானம் இப்படி:

முதல் வீடு – 12,000 ரூபாய்
இரண்டாம் வீடு – 18,000
மூன்றாம் வீடு – 30,000
நான்காம் வீடு – 60,000
ஐந்தாம் வீடு – 3,00,000

மொத்தம் 4,20,000. சராசரி 84,000. அந்தச் சராசரியைத் தொடுகிற வீடு ஒன்றே ஒன்று என்பதைக் கவனியுங்கள். சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது வசதியான தெரு.

எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதை ஒரே எண்ணில் சொல்ல இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912-இல் ஒரு வழி தந்தார். அதுதான் ஜினி எண். எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் 0. எல்லாமே ஒருவரிடம் குவிந்திருந்தால் 1-ஐ நெருங்கும். சிலர் இதையே 100-ஆல் பெருக்கி எழுதுவார்கள், 0.255-உம் 25.5-உம் ஒன்றுதான்.

கையால் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டையும் மற்ற ஒவ்வொரு வீட்டோடும் ஜோடி சேர்த்தால் பத்து ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள்: முதல் வீட்டுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் 6,000, முதல் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் 2,88,000 என்று. பத்தையும் கூட்டினால் 12,36,000. அதை வீடுகளின் எண்ணிக்கை, மொத்த வருமானம் இரண்டின் பெருக்கலால் (5 × 4,20,000 = 21,00,000) வகுக்க வேண்டும். விடை 0.59.

இந்தத் தெருவின் வருமான ஜினி 0.59.

அதே தெரு, செலவைப் பார்த்தால்

இப்போது வருமானத்தை விட்டுவிட்டு, மாதம் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று கேட்போம்.

முதல் வீட்டில் 13,000. வரவு 12,000தான், பாக்கி ஆயிரம் சுயஉதவிக் குழுக் கடனோ மளிகைக் கடைப் பாக்கியோ. இரண்டாம் வீட்டில் வந்த 18,000-உம் செலவு. மூன்றாம் வீடு 27,000, நான்காம் வீடு 42,000. ஐந்தாம் வீடு ஒரு லட்சம் செலவழித்துவிட்டு இரண்டு லட்சத்தை மிச்சம் பிடிக்கிறது. கார், நல்ல பள்ளிக்கூடம், வெளிநாட்டுச் சுற்றுலா எல்லாம் உண்டுதான். ஆனாலும் வயிறு எல்லோருக்கும் ஒரு சாண்தானே. வருமானம் ஏறுகிற வேகத்தில் செலவு ஏறுவதில்லை.

அதே முறையில் ஜினி போட்டால் பத்து வித்தியாசங்களின் கூட்டல் 3,96,000. மொத்தச் செலவு 2,00,000. அதை ஐந்தால் பெருக்கினால் 10,00,000. விடை 0.40.

அதே தெரு, அதே மாதம், அதே மனிதர்கள். வருமானத்தைக் கேட்டால் 0.59, செலவைக் கேட்டால் 0.40. யாரும் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவில்லை.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. முதல் வீட்டில் மருத்துவச் செலவு வந்து, இன்னும் 5,000 கடன் வாங்கி 18,000 செலவழிக்கிறார்கள் என்று வையுங்கள். செலவு ஜினி 0.40-இலிருந்து 0.37-க்கு இறங்கும். ஒரு ஏழைக் குடும்பம் கடனில் மூழ்கியதைச் செலவுக் கணக்கு ‘சமத்துவம் கூடிவிட்டது’ என்று பதிவு செய்யும்!

சொத்து

மாதாமாதம் மிச்சமாகும் அந்த இரண்டு லட்சம் எங்கே போகிறது? மனை, பங்கு, பரஸ்பர நிதி, வைப்புத்தொகை. இவற்றின் மதிப்பில் கடனைக் கழித்தால் கிடைப்பது சொத்து. வருமானம் குழாயில் வரும் தண்ணீர் என்றால் சொத்து தொட்டியில் நிற்கும் தண்ணீர். ஆண்டுக்கணக்கில் தேங்குவதால் இங்கேதான் இடைவெளி மிகப் பெரிதாகிறது.

ஐந்து வீடுகளின் சொத்து முறையே பூஜ்யம், 1 லட்சம், 4 லட்சம், 25 லட்சம், 3 கோடி என்றால் ஜினி 0.76. ஐந்தே வீடுள்ள தெருவில் இந்த எண் 0.80-ஐத் தாண்டவே முடியாது. ஒரே வீட்டில் எல்லாம் குவிந்தால்தான் 0.80. அப்படியானால் 0.76 எவ்வளவு உச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்தது: ஏற்றத்தாழ்வை மூன்று இடங்களில் அளக்கலாம். செலவில் அளந்தால் குறைவாகத் தெரியும், வருமானத்தில் அதிகம், சொத்தில் மிக அதிகம். இது இந்தியாவின் தனிக் குணம் இல்லை; வசதியுள்ளவர் சேமிக்கிற எந்த ஊரிலும் இப்படித்தான்.

25.5 எங்கிருந்து வந்தது

இந்தியாவில் வருமானத்தை நேரடியாகக் கேட்கும் பெரிய அரசுக் கணக்கெடுப்பு பல்லாண்டுகளாக இருந்ததில்லை. விவசாயக் கூலிக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. ‘மாதம் எவ்வளவு வருகிறது’ என்றால் அவர்களுக்கே சரியாகச் சொல்ல வராது. ‘போன வாரம் எவ்வளவு அரிசி, எவ்வளவு எண்ணெய்’ என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதனால் தேசியப் புள்ளியியல் அலுவலகம் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை நடத்துகிறது. உலக வங்கியின் 25.5 இதிலிருந்து வந்த செலவு ஜினி. 2011-12-இல் அது 28.8.

அமெரிக்காவின் 41.8 வருமான ஜினி. ஒருவரின் செலவையும் இன்னொருவரின் வருமானத்தையும் பக்கத்தில் வைத்து வரிசை எண் போட்டதுதான் அந்தச் செய்திக் குறிப்பின் கோளாறு. ஐந்து வீட்டுத் தெருவுக்கே இரண்டு கணக்கிலும் 19 புள்ளி வித்தியாசம் வந்ததே! உலக வங்கியே தன் குறிப்பில், தரவுக் குறைபாட்டால் இந்தியாவின் ஏற்றத்தாழ்வு குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்று எச்சரித்திருந்தது. முன்பு சொன்ன ஆய்வகம் நடத்தும் உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமான ஜினி 2004-இல் 52 ஆக இருந்து 2023-இல் 62 ஆக உயர்ந்தது என்றும் அதே குறிப்பில் எழுதியிருந்தது. செய்திக் குறிப்பில் அந்த வரி வரவில்லை.

2023-24 கணக்கெடுப்பில் சுமார் 2.6 லட்சம் குடும்பங்களைச் சந்தித்தார்கள். ஒரு ஆளுக்கு மாதம் ஆகும் சராசரிச் செலவு நாட்டளவில் கிராமங்களில் 4,122 ரூபாய், நகரங்களில் 6,996 ரூபாய். ரேஷன் அரிசி, பள்ளிச் சீருடை, மடிக்கணினி என இலவசமாகக் கிடைத்தவற்றுக்கும் விலை போட்டுச் சேர்த்தால் 4,247, 7,078. கிராமத்தில் ஆளுக்கு மாதம் 125 ரூபாய் கூடுகிறது. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் இலவச சிகிச்சைக்கும் அரசுப் பள்ளிப் படிப்புக்கும் விலை போடவில்லை. போட்டிருந்தால் தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இந்தத் தொகை நிச்சயம் இன்னும் ஏறும்.

உங்கள் வீட்டுக் கணக்கை இதோடு ஒப்பிடலாம். மாதச் செலவைக் கூட்டி வீட்டிலுள்ள தலைகளால் வகுங்கள். எதைச் சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுவார்கள். வாடகை சேரும்; சொந்த வீட்டுக்காரர் கற்பனை வாடகை சேர்க்கக் கூடாது. வீட்டுக் கடன் தவணை சேராது, ஏனென்றால் அது சொத்து வாங்கும் செலவு. வங்கியில் போட்ட வைப்புத்தொகையும் சேராது. ஆனால் அதே பணத்துக்கு நகை வாங்கினால் சேரும். சொந்த வீடும் கடன் தவணையுமாக இருப்பவர் இந்தக் கணக்கில் ஏழையாகத் தெரிவது இப்படித்தான்.

கதவைத் திறக்காத வீடுகள்

2022-23 கணக்கெடுப்பின்படி நகர்ப்புற இந்தியாவில் அதிகம் செலவழிக்கும் மேல் 5 சதவீதத்தினரின் சராசரி, ஆளுக்கு மாதம் 20,824 ரூபாய். நால்வர் குடும்பம் என்றால் 83,296.

சென்னை அண்ணா நகரிலோ பெங்களூர் இந்திரா நகரிலோ மூன்று படுக்கையறை வீட்டு வாடகையையும் இரண்டு பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். அதற்கே இந்தத் தொகையில் பெரும்பகுதி போய்விடும். நாட்டின் நகர்ப்புற உச்சித் தட்டு இவ்வளவுதானா செலவழிக்கிறது? மேல்தட்டின் மேல்தட்டு இந்தக் கணக்கில் சரியாகச் சிக்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

காரணங்கள் சாதாரணமானவை. கேட் போட்ட அடுக்ககங்களில் கணக்கெடுப்பாளர் காவலாளியைத் தாண்டுவதே பாடு. உள்ளே விட்டாலும் நூற்றுக்கணக்கான பொருள்களைப் பற்றிய கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்லப் பொறுமை இருக்காது. வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்பது சமையல்காரருக்குத்தான் தெரியும். மிகப் பெரிய பணக்காரர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர் என்பதால் மாதிரியில் விழுவதே அபூர்வம். நீண்ட கேள்விப் பட்டியலை மூன்று வருகைகளாகப் பிரித்தது, நகரங்களில் கார் வைத்திருப்பவர்களைத் தனிப் பிரிவாக எடுத்தது எனப் புதிய கணக்கெடுப்பில் சீர்திருத்தங்கள் செய்தார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் மேலே உள்ள எண்ணைப் பார்த்தால் போதவில்லை என்றே சொல்வேன். முறை மாறியதால் 2011-12-ஐயும் 2022-23-ஐயும் ஒப்பிட்டு ‘ஏற்றத்தாழ்வு குறைந்தது’ என்று அடித்துச் சொல்வதும் சிரமம்.

வருமானக் கணக்கு மட்டும் சுத்தமா?

அதிலும் ஓட்டை உண்டு. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் வருமான வரித் தரவு, குடும்பக் கணக்கெடுப்பு, தேசியக் கணக்கு (நாட்டின் மொத்த வருமானக் கணக்கு) மூன்றையும் ஒட்டுப்போட்டு மதிப்பிடுகிறது. இந்தியாவில் வரி கட்டுபவர்கள் மக்கள்தொகையில் சிறு பகுதியினர். அதனால் நடுவிலும் கீழேயும் உள்ளவர்களின் வருமானத்துக்கு அனுமானங்கள் தேவைப்படுகின்றன. அனுமானத்தை மாற்றினால் எண்ணும் கொஞ்சம் மாறும்; இதைச் சொல்லி அந்த ஆய்வை விமர்சிக்கும் பொருளியலாளர்கள் இருக்கிறார்கள்.

இருந்தும் அதன் ஒரு முடிவு மனதில் நிற்கக்கூடியது. 2022-23-இல் வயதுவந்த இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 2.3 லட்சம் ரூபாய். ‘சராசரி’ வருமானமான இதைச் சம்பாதிக்கவே ஒருவர் கிட்டத்தட்ட மேல் 10 சதவீதத்தின் வாசலில் நிற்க வேண்டும். மாதம் 50,000 வாங்கிக்கொண்டு ‘நாங்க மிடில் கிளாஸ்’ என்று சொல்லும் நம்மில் பலர் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பது இதில் தெரியும்.

சுருக்கமாக: 25.5 என்பது செலவு, அதுவும் உச்சித் தட்டைத் தவறவிட்ட செலவு. 62 என்பது வருமானம், கொஞ்சம் அனுமானம் கலந்தது. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறலாம். ரேஷனும் கடனும் கீழ்த்தட்டின் செலவைத் தூக்கிப் பிடிக்க, மேல்தட்டின் வருமானம் செலவாகாமல் சொத்தாக மாறினால் அதுதான் நடக்கும்.

தானம் இதில் எங்கே வருகிறது

வருமானம் நாலு வழியில் போகிறது: வரி, செலவு, சேமிப்பு, கொடை. கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் பேச்சு அதிகம், கணக்கு குறைவு.

ஐந்தாம் வீட்டுக்காரர் மாதம் 10,000 ரூபாயை எடுத்து முதல் இரண்டு வீடுகளுக்கும் தலா 5,000 கொடுத்தால் தெருவின் வருமான ஜினி 0.59-இலிருந்து 0.56-க்கு வரும். அவருக்கு அது வருமானத்தில் 3.3 சதவீதம். முதல் வீட்டுக்கோ வரவு 42 சதவீதம் கூடுகிறது. கொடுப்பவரை அதிகம் பாதிக்காமல் வாங்குபவரை இவ்வளவு தூக்கும் சக்தி சின்னத் தொகைக்கும் உண்டு. ஆனால் தெருவின் மொத்த இடைவெளியில் அது உண்டாக்கும் அசைவு சிறியதுதான். கொடையால் ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிடும் என்பவர்களும் கொடையால் ஒரு பயனும் இல்லை என்பவர்களும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே 10,000 கோயில் கும்பாபிஷேகத்துக்குப் போனால் முதல் இரண்டு வீடுகளின் வரவில் மாற்றம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். கொடை என்றாலே மேலிருந்து கீழே போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

செலவுக் கணக்கெடுப்பில் பணமாகக் கொடுத்த கொடை கொடுத்தவரின் நுகர்வில் சேராது. வாங்கியவர் அதில் அரிசி வாங்கினால் அவர் கணக்கில் சேரும். சமைத்துப் போட்ட சாப்பாட்டுக்கு விதி தலைகீழ்: பரிமாறிய வீட்டின் கணக்கில்தான் ஏறும். 500 பேருக்குக் கல்யாண விருந்து போட்டால் அந்த வீட்டார் பெரும் சாப்பாட்டு ராமன்களாகத் தெரிவார்கள்.

மொய்யைக் கொடையோடு சேர்க்காதீர்கள். நோட்டில் பெயரும் தொகையும் எழுதி, திருப்பிச் செய்ய வேண்டிய பணம் அது. வட்டியில்லாக் கடன் என்பதே சரி. நிறுவனங்கள் செய்யும் சமூகப் பொறுப்புச் செலவும் அப்படித்தான் குழப்பப்படுகிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும் என்பது 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. சட்டக் கட்டாயத்தை வள்ளல்தனம் என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டியதில்லை.

‘வரி மிச்சம் பண்ணத்தானே கொடுக்கிறார்கள்?’

இது அடிக்கடி கேட்கும் வசனம். கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரி முறையில், நன்கொடைக்குக் கழிவு தரும் 80ஜி பிரிவின்படி கணக்கைப் போட்டே பார்ப்போம். 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பேச்சு வழக்கில் இன்னும் 80ஜிதான்.

அங்கீகாரம் பெற்ற சாதாரண டிரஸ்ட் ஒன்றுக்கு 10,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். பெரும்பாலான டிரஸ்ட்களுக்கு 50 சதவீதக் கழிவுதான். அதாவது வரிக்குரிய வருமானத்தில் 5,000 குறையும். கழிவு என்பது வருமானத்திலிருந்து கழிப்பது. வரியிலிருந்து கழிப்பது இல்லை. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 31.2 சதவீதம், ஆக 1,560 ரூபாய் வரி குறையும். மீதி 8,440 அவர் கையை விட்டுப் போனது போனதுதான். 20 சதவீத வரம்பில் 1,040 ரூபாய் மிச்சம். முதலமைச்சர் நிவாரண நிதி, பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்றவற்றுக்கு 100 சதவீதக் கழிவு உண்டு. அங்கேயும் 30 சதவீத வரம்புக்காரருக்கு 3,120தான் குறையும். கொடுத்து லாபம் பார்க்க வழியில்லை.

புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கழிவே கிடையாது. வரி கட்டும் அளவு வருமானமில்லாத முதல் வீட்டுக்காரர் கோயில் உண்டியலில் நூறு ரூபாய் போட்டால் அந்த நூறும் அவருடையதே. அதிக வரி கட்டுபவரின் கொடையில் அரசு ஒரு பங்கு போடுகிறது, ஏழையின் கொடையில் போடுவதில்லை. கொடைச் சலுகைக்குள்ளேயே ஒரு ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது.

கழிவு கைநழுவும் இடங்கள்

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் முழுத் தொகைக்கும் கழிவு போய்விடும். யுபிஐ, காசோலை, வங்கி மாற்று என்றால் பிரச்சினை இல்லை. பழைய துணி, அரிசி மூட்டை, மருந்து என்று பொருளாகக் கொடுத்தவற்றுக்குக் கழிவு இல்லை. சிகிச்சைக்கு நிதி திரட்டும் தளங்களில் ஒரு தனிநபருக்காகப் போடும் பணத்துக்கும் இல்லை.

50 சதவீதப் பட்டியலில் உள்ள டிரஸ்ட்களுக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு: மற்ற கழிவுகளெல்லாம் போக மிஞ்சும் வருமானத்தில் 10 சதவீதம். மிஞ்சியது 8 லட்சம் என்றால் 80,000 வரையிலான கொடைதான் கணக்கில் ஏறும். ஒரு லட்சம் கொடுத்திருந்தாலும் 80,000-இல் பாதி, 40,000-தான் கழிவு. 20 சதவீத வரம்பில் செஸ்ஸோடு 8,320 ரூபாய் வரி குறையும். பெரிய தொகை கொடுக்க நினைப்பவர் அதை இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்து, மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று கொடுத்தால் இந்த வரம்பில் அடிபடாமல் தப்பலாம்.

கொடுப்பதற்கு முன் டிரஸ்டின் 80ஜி பதிவு உயிரோடு இருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள். முன்பு போல நிரந்தரப் பதிவு இப்போது இல்லை. தற்காலிகப் பதிவு, முழுப் பதிவு இரண்டுக்குமே காலக்கெடு உண்டு, புதுப்பிக்க மறந்த டிரஸ்ட்கள் நிறைய. கொடுக்கும்போது பெயரையும் பான் எண்ணையும் எழுதிக் கொடுங்கள். பெயரில்லாமல் கியூஆர் குறியீட்டில் அனுப்பிய பணத்தை டிரஸ்டால் உங்கள் கணக்கில் காட்ட முடியாது.

பழைய வழக்கத்தில் டிரஸ்ட் தரும் ரசீதே போதுமானதாக இருந்தது. 2021-22 முதல் போதாது. நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் டிரஸ்ட் தன் நன்கொடையாளர் பட்டியலை வரித் துறைக்குத் தாக்கல் செய்து, அதிலிருந்து உருவாகும் சான்றிதழை உங்களுக்கு அனுப்ப வேண்டும். பழைய 1961 வருமான வரிச் சட்டத்தின்கீழ் இதற்குப் பாரம் 10பிஇ என்று பெயர். ஜூன் முதல் வாரத்தில் அது வரவில்லை என்றால் போன் செய்து கேளுங்கள். வந்ததும் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா, தொகையில் பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் டிரஸ்ட்தான் தன் பட்டியலைத் திருத்தித் தாக்கல் செய்ய முடியும், நீங்கள் திருத்த முடியாது. அதனால் கணக்குத் தாக்கலின் கடைசி நாள் நெருங்கும்வரை உறையைப் பிரிக்காமல் வைத்திருக்காதீர்கள்.